நெய்வேலியும் வீட்டு வாடகையும்

மாணவ நண்பர்களே, நாட்டின் வரலாற்றை அரசர்களின் பெயராலும் போர்களின் ஆண்டாலும் நாம் கற்கிறோம். ஆனால் சாதாரணக் குடும்பத்தின் வரலாறு மாதந்தோறும் முதல் வாரத்தில் எழுதப்படுகிறது. வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இதனை நன்கு அறிவர். சம்பளம் வந்ததும் முதலில் எடுத்து வைக்கப்படுவது வாடகை. அரிசி, பால், பள்ளிக் கட்டணம் எல்லாம் அதன் பின்னரே. ஆகவே, ஓர் ஊரில் வாடகை எப்படித் தோன்றிற்று, யார் கொடுத்தனர், யார் பெற்றனர் என்று கேட்பது வரலாற்று வினாவே ஆகும். அவ்வினாவை இன்று நெய்வேலியை வைத்துக் கேட்க விரும்புகிறேன்.

நெய்வேலியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரியம் அது. வட்டங்கள் என வழங்கும் பகுதிகளாக அது பிரிக்கப்பட்டிருக்கிறது. அகன்ற சாலைகளும் நிழல் மரங்களும் உடைய அவ்வட்டங்களின் குடியிருப்பு வீதிகளில் நான் நடந்திருக்கிறேன். 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்னும் பலகை ஒன்றையேனும் அங்கு நான் கண்டதில்லை. நகரிய எல்லையைக் கடந்து இந்திரா நகர்ப் பக்கம் வந்ததும் அப்பலகைகள் கண்ணில் படத் தொடங்கின. எல்லைக்கு உள்ளே வாடகைச் சந்தை இல்லை, வெளியே இருக்கிறது. இந்த வேறுபாடு எவ்வாறு வந்தது?

இதற்கு விடை காண, நகரம் பிறந்த காலத்திற்குச் செல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நெய்வேலி, தென்னார்க்காடு மாவட்டத்தின் சிற்றூர்களுள் ஒன்று. சுற்றிலும் செம்மண் நிலம். முந்திரியும் பலாவும் விளையும் பூமி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறியப்பட்டது. பல்லாண்டு ஆய்வுகளுக்குப் பின், 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப் பெற்றது. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் ஒத்துழைப்போடு எழுந்த அனல் மின் நிலையம் மின்சாரம் தரலாயிற்று.

சுரங்கத்திற்கும் நகரத்திற்கும் பல சிற்றூர்களின் நிலம் எடுக்கப்பட்டது. வில்லுடையான்பட்டு முருகன் கோயில் இன்றும் நகரியத்துள் நிற்கிறது. பங்குனி உத்திரத்தில் காவடிகள் அங்கே வருகின்றன. ஆனால் வயலும் தோப்புமாக இருந்த அப்பக்கத்து நிலங்கள் எண் இட்ட வட்டங்களாக மாறிவிட்டன. நிலத்தைக் கொடுத்தவர் நகரம் கட்டப்பட்டபோது பெரும்பாலும் அதன் எல்லைக்கு அப்பால் குடியமர்ந்தனர். இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

அக்காலத்தில் மற்ற நகரங்களில் வாடகை எப்படி இருந்தது? இரண்டாம் உலகப் போரின்போது கட்டடப் பொருள்கள் அரிதாயின. நகரங்களில் மக்கள் பெருகினர். வீடு தேடுவோர் மிகுந்தமையால் வாடகை ஏறிற்று. அதனைக் கட்டுப்படுத்தச் சென்னை மாகாண அரசாங்கம் 1946இலும் 1949இலும் சட்டங்கள் இயற்றிற்று. அவற்றின் வழியில் 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 'நியாய வாடகை' என்பது அதன் அடிப்படைக் கருத்து. மனையின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் கூட்டி, அதில் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று வாடகையைக் கணக்கிடுவர். 1973ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் குடியிருப்பு வீட்டிற்கு இது ஒன்பது விழுக்காடு. இருபதாயிரம் ரூபாய் மதிப்புள்ள வீட்டிற்கு ஆண்டு வாடகை ஆயிரத்து எண்ணூறு, மாதத்திற்கு நூற்றைம்பது என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் முரண்படும்போது நடுவே சட்டம் நின்றது. காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றவும் அச்சட்டம் இடங்கொடுக்கவில்லை.

நெய்வேலியில் நிலைமை வேறு. சிற்றூர்கள் மட்டுமே இருந்த இடத்திற்குப் பொறியாளரும் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் வந்தனர். அவர்கள் வாடகைக்கு எடுக்க அங்கே வீடுகளே இல்லை. ஆகவே நிறுவனமே வீடு கட்டியது. பள்ளியும் மருத்துவமனையும் அமைத்தது. குடிநீரும் மின்சாரமும் அளித்தது. வீடு பெற்ற ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி கிடையாது; அதற்கு மேல் சிறு தொகை சம்பளத்தில் பிடிக்கப்படும். இங்கே வீடு சந்தைப் பொருளாக இல்லை. அது சம்பளத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. பணியாளர் எத்தனை பேர் வந்தாலும், அதனால் உள்ளே இருந்த குடும்பத்தின் வாடகை ஏறவில்லை. வாடகைக்குப் போகாத பணம் பிள்ளைகளின் கல்விக்குப் போயிற்று, சேமிப்பாகவும் நின்றது. உழவர் குடும்பங்களிலிருந்து வந்த தொழிலாளரின் மக்கள் மருத்துவராகவும் பொறியாளராகவும் உயர்ந்ததில் இவ்வீடுகளுக்குப் பங்கு உண்டு என்று நான் எண்ணுகிறேன்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. சட்டம் குத்தகை, உரிமம் என்னும் இரண்டையும் வேறுபடுத்துகிறது. குத்தகைக்கு இருப்பவருக்கு அவ்வீட்டில் ஓரளவு உரிமை பிறக்கிறது. உரிமம் பெற்றவருக்கோ அங்கே தங்கும் அனுமதி மட்டுமே உண்டு. நிறுவன வீட்டில் இருப்பது இந்த இரண்டாம் வகை. வேலை முடிந்தால் அனுமதியும் முடிகிறது. அதன் பின்னும் தங்கினால், மத்திய அரசு நிறுவனங்களின் கட்டடங்களுக்கும் பொருந்தும் 1971ஆம் ஆண்டின் பொது வளாகச் சட்டத்தின்படி வெளியேற்றலாம். முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்து, முற்றத்தில் மாமரம் வைத்து, மகளை மணம் செய்து கொடுத்த வீடாயினும், ஓய்வு பெற்றபின் குறித்த காலத்திற்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும். பிற நகரங்களில் வாடகை கூடுதல், பாதுகாப்பும் ஓரளவு உண்டு. இங்கே வாடகை குறைவு. ஆனால் வேலைக்கு அப்பால் பாதுகாப்பு இல்லை.

வேலை கொடுப்பவரே வீட்டுக்காரராகவும் இருந்தால் என்ன நேரும் என்பதை உலக வரலாறு காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்து 1880களில் புல்மன் என்னும் இரயில் பெட்டி முதலாளி தம் தொழிலாளருக்காக ஓர் ஊரைக் கட்டினார். 1893இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அவர் கூலியைக் குறைத்தார், வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் பெரும் வேலை நிறுத்தம் எழுந்தது. 1898இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், தொழிலுக்குத் தேவையற்ற அவ்வீடுகளை நிறுவனம் கைவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நமக்கு அண்மையிலேயே வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்த் தொழிலாளர் நிறைந்த கோலார் தங்கவயலில் 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சிறு வீடுகள் தமக்கே உரிமையாக வேண்டும் என்ற கோரிக்கை அங்கே பல்லாண்டு தொடர்ந்தது. வேலை நின்றபோதுதான், வீடு தமதன்று என்பது அவர்களுக்கு உறைத்தது.

நெய்வேலியில் புல்மன் ஊரின் கதை நடக்கவில்லை. பொதுத்துறை நிறுவனம் வாடகையால் ஆதாயம் தேடவில்லை. எனினும் உள்ளே அடக்கி வைத்த சந்தை, வெளியே தலையெடுத்தது. இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம், வடலூர் என்று எல்லையைச் சுற்றி ஊர்கள் வளர்ந்தன. அங்கே வாடகைக்கு வீடு தேடுபவர் யார்? நிறுவன வீட்டிற்குத் தகுதி பெறாத ஒப்பந்தத் தொழிலாளர், கடை வைத்திருப்போர், தனியார் பள்ளி ஆசிரியர் ஆகியோர். அங்கே வீடு கட்டியவர் யார்? அவர்களுள் பலர் நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர்களே. பணிக்கொடையையும் சேமிப்பையும் கொண்டு மனை வாங்கி, கீழ்த்தளத்தில் தாம் குடியிருந்து, மாடியை வாடகைக்கு விட்டனர்.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். குறைந்த கட்டணத்தில் உள்ளே வாழ்ந்தபோது மிச்சமான பணமே வெளியே வாடகை வீடாக எழுந்தது. அவ்வாடகையைக் கொடுப்பவர், அதே சுரங்கத்தில் குறைந்த கூலிக்கு உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர். கையில் ஓரளவு தொகை உள்ளவர் ஒத்திக்கு வீடு பிடிக்கிறார். அத்தொகையின் வட்டியே வாடகைக்கு ஈடாகிறது. அதற்கும் வழியற்றவர் முன்பணம் கொடுத்து மாதந்தோறும் வாடகை செலுத்துகிறார். நிலத்தைக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளுள் சிலரும் இவ்வாடகை வீடுகளில் இருக்கின்றனர். ஓய்வு பெற்ற பெரியவர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. சாவியை ஒப்படைத்தவருக்கும் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டுமன்றோ?

காலம் மேலும் மாறியிருக்கிறது. நகரியத்தின் மக்கள் தொகை 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்ததைவிட 2011இல் குறைந்தது. நிரந்தரப் பணியாளரின் எண்ணிக்கையும் முன்போல் இல்லை. மறுபுறம் வடலூர் வளர்ந்து 2021இல் நகராட்சியாயிற்று. சட்டமும் மாறிற்று. 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய நியாய வாடகைக் கணக்கு அதில் இல்லை. இருவரும் எழுதிக் கொள்ளும் ஒப்பந்தமே வாடகைக்கு அடிப்படை. அவ்வொப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். வாய்ச் சொல்லால் நடந்த குடித்தனங்கள் எழுத்துக்கு வர வேண்டிய காலம் இது.

மாணவ நண்பர்களே, நெய்வேலி நமக்குக் கற்பிப்பது என்ன? வாடகையின் அளவை மட்டும் பார்த்து ஒரு குடும்பத்தின் நிலையை மதிப்பிட முடியாது. அவ்வீட்டில் எதுவரை இருக்கலாம், எவர் சொன்னால் எழுந்து செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் குடியிருந்த வீடுகளையும் கொடுத்த வாடகையையும் ஆண்டு வாரியாகக் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். அவ்வாண்டுகளில் அவர்கள் பெற்ற சம்பளத்தையும் அருகே எழுதுங்கள். வீடு மாறியதற்கான காரணத்தை ஒவ்வொரு முறையும் மறவாமல் கேளுங்கள். நம் ஊர்களின் வரலாற்றை எழுத முற்படும் ஒருவருக்கு அந்த ஒற்றைத் தாள் பயன்படும்.