அமெரிக்காவில் ரைபிளை மறைத்து எடுத்துப்போக லைசென்சு செல்லுமா?

அமெரிக்காவில் துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல மாநில அரசுகள் லைசென்சு தருகின்றன. அது இருந்தால் எந்த துப்பாக்கியும் கொண்டு போகலாம்னு நினைத்தால் தப்பு.

புளோரிடாவில் அந்த லைசென்சு கைத்துப்பாக்கி, கத்தி, குறுந்தடி, மின்அதிர்ச்சி கருவி, கண்ணீர்புகை துப்பாக்கி ஆகியவற்றுக்கு மட்டும்தான். ரைபிள், ஷாட்கன் போன்ற நீள துப்பாக்கிகள் பட்டியலில் கிடையாது. கோட்டுக்குள் மறைத்து வைத்து மாட்டினால் 5 ஆண்டு வரை ஜெயில். 2023 ஜூலை முதல் தகுதி உள்ளவர்களுக்கு லைசென்சே தேவை இல்லை. ஆனாலும் பட்டியல் அதேதான்.

டெக்சாஸ் கதை வேடிக்கையானது. அங்கும் லைசென்சு கைத்துப்பாக்கிக்குத்தான். 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பிய, தடை ஏதும் இல்லாதவர்களுக்கு அதுவும் கட்டாயம் இல்லை. ரைபிளை தோளில் மாட்டிக்கிட்டு தெருவில் நடக்கவோ முன்பிருந்தே லைசென்சு கேட்பதில்லை. ஆட்களை மிரட்டுவது போல் காட்டினால்தான் கேஸ்.