எமது கல்லூரியில் சமயபாடம்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் வரலாற்றைச் சமயபாடத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கியதும், 1838இல் மெதடிஸ்த மிஷன் வேம்படியில் கால்பதித்ததும் சமயத்தை முன்வைத்தே. எங்கள் பூட்டிமார் பலர் எழுத்துக் கூட்டியது வேதாகமத்தில்தான்.

அதற்கு மறுமொழியாக எழுந்தவையும் பள்ளிக்கூடங்களே. ஆறுமுக நாவலர் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், பின்னர் சைவ வினாவிடை எழுதியபோது மிஷன் வகுப்புகளில் பழகிய அதே கேள்வி-பதில் முறையையே கைக்கொண்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென விடுதியோடு கல்லூரி நிறுவியது 1913இலேதான். பெண்கள் எப்போதும் போலப் பிந்தித்தான் நினைவுக்கு வந்தார்கள்!

எமது கல்லூரியும் மிஷன் வழி வந்தது. அந்நாளில் எல்லோருக்கும் ஒரே வேதாகம வகுப்பு. வீட்டில் பூசிய திருநீற்றைப் படலையடியில் துடைத்துவிட்டு வந்ததாக மூத்த அக்காமார் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வேதாகமப் பாடப் பரிசைச் சைவப் பிள்ளைகள் தட்டிச் சென்றதையும் அதே மூச்சில் பெருமையாகச் சொல்வார்கள்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெற்ற பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. எமது கல்லூரியும் கைமாறியது. அதன்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் சமயம். இது நியாயமான மாற்றம். படலையடியில் நெற்றியைத் துடைக்கும் தேவை ஒழிந்தது. காலைப் பிரார்த்தனையில் பஞ்சபுராணம் ஒலித்தது, வாணி விழா வந்தது, சைவ பரிபாலன சபைப் பரீட்சைக்கும் தோற்றினோம்.

ஆனால் பாடவேளை மணி அடித்ததும் வகுப்பு பிரிந்தது. சைவநெறிக்காரர் இருந்த இடத்திலேயே இருப்போம். கத்தோலிக்கப் பிள்ளைகள் நூலகத்துக்கு, மற்றக் கிறிஸ்தவப் பிள்ளைகள் விறாந்தைக்கு, இஸ்லாம் படிக்கும் மூவர் மனையியல் அறைக்கு. நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வருபவர்களிடம் என்ன படித்தீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. நோன்பு எதற்கு, தபசு காலம் எதற்கு என்பதையெல்லாம் விடுதியிலும் சாப்பாட்டு மேசையிலும்தான் அறிந்தோம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்த மூவரும் போய்விட்டார்கள். மனையியல் அறை அந்தப் பாடவேளையில் பூட்டிக் கிடந்தது. ஒருவரும் அதைப் பற்றி உரத்துப் பேசவில்லை.

சாதாரண தரத்தில் சமயம் என்றால் பெரும்பாலும் மனனம்: நாயன்மார் வரலாறு, தலங்கள், விரதங்கள். மனனத்தை நாங்கள் இகழவில்லை. இடம்பெயர்ந்து கொப்பியும் புத்தகமும் இல்லாது கிடந்த நாட்களில் நெஞ்சில் கிடந்த தேவாரங்களே துணை. கேள்வி கேட்கும் சுவை உயர்தரத்தில்தான் கிடைத்தது. அளவையியல் எடுத்தவர்கள் வீட்டிலும் வாதாடத் தொடங்கித் தாய்மாரிடம் ஏச்சு வாங்கினார்கள். இந்து நாகரிகம் எடுத்த எங்களுக்கு ஆசிரியை ஒருநாள் சிவஞான சித்தியாரின் அமைப்பை விளக்கினார். அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையைச் சுபக்கத்தில் சொல்வதற்கு முன் பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பதினான்கு கொள்கையினரின் கூற்றை எடுத்துவைத்து, அதன்பின்பே மறுக்கிறார். மறுப்பதற்கேனும் மற்றவன் சொல்வதை முழுதாகக் கேட்டாக வேண்டும் என்றார் ஆசிரியை. பரீட்சைக்கு வராது என்று சிலர் பேனையை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் அன்று பின்னேரம் வரை மாமரத்தடியில் இருந்து வாதாடினோம். கத்தோலிக்கத் தோழியரும் கூட இருந்தார்கள். பதின்மூன்று ஆண்டுப் படிப்பில் ஒருவர் சமயத்தை மற்றவர் விசாரித்துப் பேசியதாக எங்களுக்கு நினைவிருப்பது அந்த ஒரு நாள்தான்.

மிஷன் காலத்து வேதாகமப் பாடக் கொப்பிகள், பரிசுப் புத்தகங்கள், சைவ பரிபாலன சபைச் சான்றிதழ்கள், பழைய நேரசூசிகள் எவரிடமாவது இருப்பின் கல்லூரி நூலகத்துக்குப் பிரதியேனும் அனுப்பி வையுங்கள். மனையியல் அறையில் இஸ்லாம் படித்த தோழியர் இப்போது புத்தளத்திலோ வேறெங்கோ இருந்து இதை வாசித்தால், அவர்களின் கொப்பிகளையும் கேட்கிறோம்.