சேர்க்கைப் பதிவேட்டில் தாய்மொழி

ஒரு குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்கும்போது பெற்றோர் நிரப்பித் தரும் விண்ணப்பத்தில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், சமயம், சாதி ஆகியவற்றோடு தாய்மொழி என்றும் ஒரு கட்டம் உண்டு. பிறந்த நாளுக்குச் சான்று கேட்கப்படும், சாதிக்கும் கேட்கப்படும். தாய்மொழிக்குச் சான்று கேட்கும் வழக்கம் இல்லை. பெற்றோர் எழுதுவதே சான்றாகி, பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறுகின்றது. மொழியியலாரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளரும் நூறாண்டுக்கு மேலாக வரையறை செய்ய முயன்றுவரும் ஒரு சொல், பள்ளி அலுவலகத்தில் ஒரு நொடியில் முடிவுபெற்றுவிடுகின்றது. இது கவனக்குறைவால் நேர்ந்த வழக்கம் அன்று. சான்று கேட்பதில்லை என்பதே 1949 முதல் இந்நாட்டின் கொள்கையாக இருந்துவருகின்றது. அக்கொள்கை உருவான வரலாறும், அதனால் தாய்மொழி என்னும் சொல்லின் பொருளில் நேர்ந்த மாற்றமும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

இக்கட்டம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 இல் மாகாணத்திலுள்ள பள்ளிகளைப் பற்றிய விவரங்களை மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டார். அதற்குப் பல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய விடை, அக்காலப் பள்ளிச் சேர்க்கை பற்றிய அரிய ஆவணமாகும். ஐந்து வயது நிரம்பியதும் ஆசிரியரும் அவரிடம் பயிலும் பிள்ளைகளும் குழந்தையின் வீட்டிற்கு அழைக்கப்படுவர். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி அனைவரும் அமர, புதிய குழந்தை அவ்வுருவத்திற்கு நேர் எதிரே அமர்த்தப்படும். ஆசிரியர் வழிபாடு செய்து, குழந்தையை வேண்டுதல் சொல்லச் செய்து, அதன் விரலைப் பிடித்து அரிசியில் தெய்வப் பெயரை எழுதுவிப்பார். பெற்றோர் தம்மால் இயன்ற அன்பளிப்பைத் தருவர். மறுநாள் காலை படிப்பு தொடங்கும். சேர்க்கை என்பது அவ்வளவே. எழுதப்பட்டது அரிசியில் எழுதப்பட்ட பெயர் ஒன்றே. குழந்தையைப் பற்றி எவரும் எங்கும் எதையும் எழுதியதாக அவ்விடையில் இல்லை.

அவர் கணக்கிட்ட 533 பள்ளிகள் மொழிவாரியாகப் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன: கன்னடம் 235, தெலுங்கு 226, மராத்தி 23, வடமொழி 23, பாரசீகம் 21, தமிழ் 4, ஆங்கிலம் 1. இப்பட்டியலில் மொழி பள்ளிக்கு உரியதாக உள்ளதேயன்றிக் குழந்தைக்கு உரியதாக இல்லை என்பது நோக்கத்தக்கது. ஆட்சியர்கள் நிரப்பிய படிவத்தில் மாணவரின் சாதிப் பிரிவுக்கும் பாலுக்கும் இடம் இருந்தது. வீட்டு மொழிக்கு இல்லை. கன்னடமும் தெலுங்கும் ஏறத்தாழச் சம அளவில் நின்ற ஒரு மாவட்டத்தில், எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்குச் சென்றது என்று கேட்க அரசுக்கு அன்று தேவை எழவில்லை. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் செய்யுள்களின் மொழி அவர்கள் பேசும் மொழியினின்று மிக விலகி நிற்பதால், பொருள் அறியாமலே ஓதுகின்றனர் என்று காம்ப்பெல் குறை கூறியுள்ளார். வீட்டு மொழிக்கும் பள்ளி மொழிக்கும் இடையிலான தொலைவை அவர் உணர்ந்திருந்தார். எனினும் அதைத் தெலுங்குக்கும் கன்னடத்திற்கும் இடையே அவர் காணவில்லை, பேச்சுக்கும் செய்யுளுக்கும் இடையே கண்டார்.

1854 ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின்னர் அரசு நல்கை பெறும் பள்ளிகள் பெருகின. நல்கைக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்குப் பதிவேடு வேண்டும். இங்ஙனம் பள்ளிக்குள் பதிவேடு நுழைந்த அதே காலப்பகுதியில், குழந்தையின் மொழி என்னும் கருத்து மற்றொரு வாயில் வழியே, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வழியே, வந்துகொண்டிருந்தது. அக்கணக்கெடுப்பின் வினா ஒரே நிலையில் நின்றதில்லை. 1891 இல் பெற்றோர் மொழி என்று கேட்கப்பட்டது. 1901 இல் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழி கேட்கப்பட்டது. 1951 இல் தொட்டில் பருவம் முதல் பேசும் மொழி என்றாயிற்று. 1961 இல், குழந்தைப் பருவத்தில் ஒருவரிடம் அவருடைய தாய் பேசிய மொழி எனவும், தாய் முன்னமே இறந்திருந்தால் வீட்டில் முதன்மையாகப் பேசப்பட்ட மொழி எனவும் வரையறுக்கப்பட்டது. தாய்மொழி என்னும் தொடரிலுள்ள தாய் உண்மையிலேயே வரையறைக்குள் வந்தது அப்போதுதான் எனலாம். பேச இயலாதவருக்கும் கைக்குழந்தைகளுக்கும்கூடத் தாய் பேசும் மொழியையே எழுதவேண்டும் என்பது பின்னைய விதி.

இந்த வரையறைகள் தம்முள் வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்திருந்தன: தாய்மொழி என்பது வெளியே உள்ள ஓர் உண்மை, கேட்டு அறியத்தக்கது என்று அவை கருதின. பள்ளிச் சேர்க்கைக்கான கொள்கை இவ்வழியில் செல்லவில்லை. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, தொடக்கநிலையில் பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாகவே இருத்தல் வேண்டும் எனத் தீர்மானித்தது. அது வட்டார மொழியினின்று வேறாக இருப்பின், பள்ளி முழுவதிலும் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருந்தால் அம்மொழியில் கற்பிக்க ஆசிரியர் ஒருவரேனும் அமர்த்தப்படவேண்டும் என்றது. தாய்மொழி எது என்னும் வினாவுக்கும் அத்தீர்மானமே விடை தந்தது: பெற்றோரோ காப்பாளரோ எதைத் தாய்மொழி என அறிவிக்கின்றனரோ அதுவே தாய்மொழி.

மொழியியல் நோக்கில் இது வரையறையே அன்று எனத் தோன்றலாம். ஆயினும் அன்றைய சூழலில் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. தாய்மொழியை அலுவலர் தீர்மானிக்கலாம் என்று விதித்திருந்தால், சிறுபான்மை மொழியினர் ஒவ்வொரு பள்ளி வாயிலிலும் தம் மொழியை மெய்ப்பிக்க நேர்ந்திருக்கும். சொல்லும் உரிமையைப் பெற்றோரிடம் விட்டது ஒரு பாதுகாப்பு. ஆனால் அதே உரிமை மொழியை ஒரு கோரிக்கையாகவும் ஆக்கிவிட்டது. பஞ்சாபில் இது உடனே வெளிப்பட்டது. 1949 அக்டோபரின் சச்சார் திட்டம், பஞ்சாபி வட்டாரத்திலும் தொடக்கநிலைக்கு இந்தியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. மொழியைப் பற்றிய விடை அங்கே அரசியல் சார்பின் விடையாக மாறியது. 1951 கணக்கெடுப்பில் அப்பகுதியின் இந்தி, உருது, பஞ்சாபி, பஹாரி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டாமல் ஒன்றாகவே தொகுத்து வெளியிட நேர்ந்தது. எந்த மொழியும் இடம் மாறவில்லை. மக்கள் சொன்ன சொல்லை மொழிக்கணக்காக வைத்துக்கொள்ள இயலாமற்போயிற்று.

1956 இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மொழி பெரும்பான்மையாகவும் பிற சிறுபான்மையாகவும் ஆயின. அரசமைப்பில் 350அ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்வது மாநிலங்களின் முயற்சிக்குரிய கடமையாக்கப்பட்டது. 350ஆ உறுப்பின்படி 1957 இல் மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் அமர்த்தப்பட்டார். பத்து, நாற்பது என்னும் எண்கள் தொடர்ந்தன. நடைமுறையில் ஒரு சிக்கல் எழுந்தது. பத்து மாணவர் இருந்தால்தான் ஆசிரியர் வருவார். ஆசிரியர் இல்லாத பள்ளியில் அம்மொழி வகுப்பை நம்பிப் பெற்றோர் பிள்ளையைச் சேர்க்க மாட்டார். பள்ளி திறந்த நாளில் ஐந்து பெற்றோர் வந்து, வகுப்பு இல்லை என்று அறிந்து, வட்டார மொழி வகுப்பிலேயே பிள்ளையை விட்டுச் சென்றால், பதிவேட்டில் தேவை இருந்ததற்கான அடையாளமே இராது. மறு ஆண்டு, அம்மொழிக்கு மாணவர் இல்லை என்று அலுவலர் எழுதுவது பொய்யும் ஆகாது.

இதற்குத் தீர்வாக உருவானதே முன்பதிவேடு. தென்மண்டலக் குழுவின் 1959 ஆம் ஆண்டு முடிவுகளைத் தொடர்ந்து, கல்வியாண்டு தொடங்குமுன்பே சிறுபான்மை மொழி மாணவரின் விருப்பத்தைப் பதிந்துகொள்ளும் ஏடு பள்ளிகளில் வைக்கவேண்டும் என்பது பாதுகாப்புகளுள் ஒன்றாயிற்று. ஒரு பள்ளியில் எண்ணிக்கை குறைந்தால், அண்டைப் பள்ளிகளில் பதிந்த பிள்ளைகளை ஒருங்கு சேர்த்து வகுப்பு அமைக்கவும் வழி கூறப்பட்டது. சேர்க்கைப் பதிவேடு நடந்ததை எழுதுவது. முன்பதிவேடு வேண்டப்படுவதை எழுதுவது. இவ்விரண்டின் வேறுபாடு மொழித்திட்டம் பற்றி எழுதுவோரால் போதிய அளவு கருதப்படவில்லை. முன்பதிவேடு வைக்கப்பட்டதா என்பதை ஆணையரின் அறிக்கைகள் ஆண்டுதோறும் மாநிலங்களைக் கேட்டுவந்தன. அதே வினா மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டமையே நடைமுறையின் நிலையை உணர்த்தும்.

துளு, குடகு, சௌராட்டிரம் போன்ற மொழிகளைப் பேசும் குடும்பங்களின் நிலை வேறு. பயிற்றுமொழியாக நிலைபெறாத மொழியைக் கட்டத்தில் எழுதுவதால் வகுப்பு எதுவும் கிடைப்பதில்லை. ஆதலின், மங்களூரில் துளு பேசும் பெற்றோர் கன்னடம் என்றும், மதுரையில் சௌராட்டிரம் பேசும் பெற்றோர் தமிழ் என்றும் எழுதினால், அதைப் பொய் என்று கொள்வது பொருந்தாது. அவர்கள் வினாவைச் சரியாகவே புரிந்துகொண்டுள்ளனர். பள்ளி கேட்பது வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்பதை அன்று. எந்த வகுப்பில் உட்காரவேண்டும் என்பதையே கேட்கின்றது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டுவது ஒன்று உண்டு. தமிழில் தாய்மொழி, இந்தியில் மாத்ருபாஷா, கன்னடத்தில் மாத்ருபாஷெ என்று வழங்கும் சொற்களில் எல்லாம் தாய் நிற்கின்றாள். கணக்கெடுப்பு ஏட்டை மொழிபெயர்க்கும்போது அத்தாய்க்குப் பொருள் உண்டு. கல்வி ஆணைகளையும் தீர்ப்புகளையும் மொழிபெயர்க்கும்போது அவள் வெறும் சொல்லுறுப்பே. 2011 கணக்கெடுப்பில் மக்கள் கூறிய தாய்மொழிப் பெயர்கள் 19,569. மொழியியலார் ஆய்ந்து அவற்றை 1,369 ஆக வகைப்படுத்தினர். கணக்கெடுப்பில் கூறியதைத் திருத்த ஒருவர் உண்டு; பள்ளிப் பதிவேட்டில் இல்லை. ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது தவிர்க்க இயலாதெனினும், சட்ட உரைகளில் 'அறிவித்த தாய்மொழி' என்று அடையோடு எழுதுவது குழப்பத்தைக் குறைக்கும். அறிவித்தல் என்பதற்குப் பதிலாகத் தெரிவித்தல் என எழுதுவது பொருளை நெகிழ்த்திவிடும். முன்னது செயல், பின்னது செய்தி.

அறிவிப்பின் முழு வலிமையும் கருநாடக வழக்குகளில் வெளிப்பட்டது. பல்லாரி மாவட்டத்தின் பெரும்பகுதி 1953 இல் அம்மாநிலத்தின் முன்னோடியான மைசூருடன் சேர்ந்திருந்தது. கன்னடம், தெலுங்கு, தமிழ், மராத்தி, உருது, கொங்கணி, துளு எனப் பல மொழியினர் வாழும் மாநிலம் அது. 1980களில் கன்னடத்தின் இடம் பற்றிய கோகாக் கிளர்ச்சிக்குப் பின், தொடக்கநிலையில் தாய்மொழியே பயிற்றுமொழி என்னும் அரசாணைகள் வந்தன. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வணுகுமுறையை ஏற்றது. 1994 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட ஆணை, முதல் நான்கு வகுப்புகளில் பயிற்றுமொழி தாய்மொழி அல்லது கன்னடம் என்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் மட்டும் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆங்கிலவழிப் பள்ளிகளில் படிக்கலாம் என்று அது விலக்கும் அளித்தது. சிறுபான்மையினரைக் காக்க 1949 இல் வகுக்கப்பட்ட ஒரு கட்டம், இப்போது ஆங்கிலவழிக்குள் நுழையும் வாயிலாயிற்று. கன்னடவழி என ஒப்புதல் பெற்று ஆங்கிலத்தில் கற்பித்த பள்ளிகள் மீது 2006 இல் அரசு நடவடிக்கை எடுத்தது. பதிவில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொன்றுமாக இருந்த நிலை அப்போது பொதுப்பேச்சாயிற்று.

1994 ஆணையை உயர் நீதிமன்றம் 2008 இல் தள்ளியது. மேல்முறையீடு அரசமைப்பு ஆயத்திற்கு அனுப்பப்பட்டபோது, தாய்மொழி என்பதன் பொருள் யாது, குழந்தைக்கு எளிதாக வரும் மொழி என்று கொண்டால் அதை முடிவு செய்பவர் யார் என்பனவும் வினாக்களாக விடப்பட்டன. நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு மொழியியல் கலைச்சொல்லின் பொருள் வழக்காக வந்தது அரிய நிகழ்ச்சி. 2014 மே 6 அன்று ஆயம் விடை தந்தது. அரசமைப்பின் சூழலில் தாய்மொழி என்பது மாநிலத்திலுள்ள சிறுபான்மையினரின் மொழியைக் குறிக்கும்; ஒரு குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரோ காப்பாளரோ முடிவு செய்வர்; குறித்த மொழியையே பயிற்றுமொழியாகக் கொள்ளுமாறு அரசு கட்டாயப்படுத்த இயலாது. விடையின் நடுப்பகுதி 1949 தீர்மானத்தின் தொடர்ச்சியே. ஆனால் அன்று அது நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரைப் பெற்றுத்தருவதற்காகச் சொல்லப்பட்டது. 2014 இல் அதன் பயனைப் பெரிதும் அடைந்தவை ஆங்கிலவழிப் பள்ளிகள். தேபி பிரசன்ன பட்டநாயக் முதலிய அறிஞர்கள் தாய்மொழிக் கல்விக்காக 1980களில் முன்வைத்த வாதங்கள், தாய்மொழி எது என்பதில் ஐயமில்லை என்னும் அடிப்படையில் நின்றவை. இத்தீர்ப்பு அந்த அடிப்படையையே விலக்கிவிட்டது.

இதற்கிடையே சேர்க்கைப் படிவத்தின் பிற கட்டங்கள் வேறு திசையில் நகர்ந்தன. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எக்குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கலாகாது என்றது. பயிற்றுமொழி, இயன்றவரை தாய்மொழியாக இருக்கவேண்டும் என்றும் கூறியது. அந்த 'இயன்றவரை' என்னும் சொல்லின் எல்லையை எவரும் வகுக்கவில்லை. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, வீட்டுமொழி, தாய்மொழி, உள்ளூர் மொழி ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து எழுதியது; மூன்றும் ஒன்றல்ல என்று மொழியியலார் கூறிவந்ததற்கு இது ஒருவகை ஒப்புதல். 2023 ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளின் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கையில் சான்றாகும். அக்குழந்தைகளுள் மூத்தோர்க்கு 2029 அக்டோபரில் ஆறு வயது நிறையும். அவர்களின் பிறந்த நாள் சான்றிதழில் உள்ளவாறே பதிவேட்டில் ஏறும். தாய்மொழிக்கு நேரே, அன்று பெற்றோர் சொல்வது எழுதப்படும்.