வேஷம் தரித்த இரவுகள்

கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில், பெரியாற்றின் கரையில் அமைந்த வண்டிப்பெரியாறு, பீருமேட்டுத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே வளர்ந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மன்றோ முதலிய துரைமார் இம்மலைகளில் காப்பி பயிரிட்டு, இலைத்துரு நோயால் அது பாழாகவே தேயிலைக்கு மாறியபோது, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும் கங்காணிமார் அழைத்துவந்த தமிழரே இங்கு லயங்களில் குடியேறினர். அதே காலத்தில் மற்றொரு கூட்டம் கடல் கடந்து இலங்கையின் கண்டிச் சீமைக்குச் சென்றது. அக்கூட்டத்தார் தம்மோடு கொண்டுசென்ற செல்வங்களுள் தலையாயது காமன்கூத்து.

மாசி மாதத்து வளர்பிறையில், தோட்டத்துக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவதோடு ஆரம்பமாகும் அக்கூத்து, ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் செய்வித்து, இந்திரன் ஏவலால் சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண் நெருப்பில் தகனமாவதையும், ரதியின் புலம்பலையும் விடியும் மட்டும் நடத்திக் காட்டுவது. பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தியோடு சரிவில் நின்ற ஆள், விரதமிருந்து, அரிதாரம் பூசி, தப்பின் முழக்கத்திடையே பொட்டலில் பிரவேசித்தால், அவனைப் பெற்ற தாயும் அவனைத் தெய்வமென்றே கும்பிடுவாள். ஆண்மகன் ஒருவன் ரதியாகி அழும்போது பெண்டிரெல்லாம் உடன் அழுவார்கள். வீரபத்திர வேஷம் பூண்டவர் ஆவேசம் மேலிட்டு ஆடுவார். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுப் பிரஜா உரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, தாம் யார் என்பதற்குச் சர்க்காரின் ஒரு காகிதமும் இல்லாமல் வாழ்ந்த காலத்திலும், அந்த ஜனங்கள் மாசி இரவுகளில் இந்திரனாகவும் ஈசனாகவும் நின்றார்கள் என்பதை நினைக்கையில் நெஞ்சம் கனக்கிறது.

கணினிவழி மாயவுலகங்களில் வேறு பெயரும் வேறு உருவமும் பூண்டு வாழ்வதைப் புத்தம் புதிய அநுபவமாகக் கருதுவோர்க்கு இந்தச் சரித்திரத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் இரு மாணவர்கள், எழுத்தால் மட்டுமே ஆன ஓர் உலகத்தைச் சமைத்துப் பலரும் ஒருங்கே அதில் உலவ வழிசெய்தார்கள். 2003-இல் வெளிவந்த செகண்ட் லைஃப், அத்தகைய உலகில் வீடும் நிலமும் வாங்கவும் இடமளித்தது. நம் நாட்டிலேயே, 2022 பிப்ரவரியில், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரத்தில் மணம் முடித்த தம்பதியர் மெட்டாவெர்ஸில் வரவேற்பு நடத்தியபோது, முந்திய ஆண்டில் காலஞ்சென்ற மணமகளின் தந்தை, கணினி வரைந்த உருவமாக அந்த மண்டபத்தில் காட்சியளித்தார். எரிந்துபோன மன்மதனைச் சரீரமில்லாமலே ரதியின் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு சிவபெருமான் திருப்பித் தந்ததாகச் சொல்லும் கதையில் உள்ள ஏக்கம், அந்தப் பெண்ணின் ஏக்கத்திற்கு வெகு தூரமன்று.

ஆயினும், பொட்டலில் வேஷம் தரித்தவன் இன்னான் மகன், இன்ன லயத்தான் என்பதைத் தோட்டம் முழுவதும் அறிந்திருந்தது. விரதத்தோடு தொடங்கிய வேஷத்துக்கு விடியற்காலையில் முடிவும் இருந்தது. பெயரையும் முகத்தையும் மறைத்தவாறே இரவுபகலாக மாயவுலகில் தங்கிவிடும் நம் இளைஞருக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை என்பதையே பெருங்குறையாக நான் கருதுகிறேன்.

2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டு, இளையோர் பிழைப்புத் தேடி மலையிறங்கிய பின், லயங்களில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோரே. அவர்கள் நினைவில் நிற்கும் கூத்து எதுவாயினும், பாட்டு எதுவாயினும், தாமதியாமல் கேட்டு ஒலிப்பதிவு செய்யும்படி வண்டிப்பெரியாற்றுப் பள்ளி ஆசிரியர்களையும் மாணவர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.