சாவிக்கொத்தும் காதும்

மனநல மருத்துவமனைத் தாதியருக்கு மனவுறுதி எங்கிருந்து வருகிறது? பொறுமைசாலிகள், தியாகிகள் என்று அவர்களின் குணத்தைப் புகழ்வதோடு பலரும் நின்றுவிடுகின்றனர். சிங்கப்பூரின் பழைய வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது.

இங்கே மனநோயாளிகள் முதலில் சிறையில்தான் வைக்கப்பட்டனர். 1840இல் அங்கு ஒருவர் இன்னொருவரைக் கொன்ற பிறகே, 1841இல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் ஸ்திரீட்டும் சந்திக்கும் இடத்தில் தனி மருத்துவமனை எழுந்தது. சிறையின் வாடை மட்டும் லேசில் போகவில்லை. 1928இல் இயோ சூ காங் சாலையில் பெரிய மருத்துவமனை திறந்தபோதும், நோயைத் தணிக்கும் மருந்துகள் அதிகம் இல்லை. பூட்டும் சாவியும் ஆள்பலமுமே கைகொடுத்தன.

ஜப்பானியர் ஆட்சியில் அவ்விடம் மியாக்கோ மருத்துவமனையானது. நோயாளிகள் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டனர். பலர் அங்கேயே மாண்டனர்.

1951இல் அது உட்பிரிட்ஜ் மருத்துவமனை எனப் பெயர் மாறியது. அந்தப் பத்தாண்டில் உலகெங்கும் பரவிய குளோர்புரோமசின் மருந்து வார்டுகளின் இரைச்சலைத் தணித்தது. நோயாளியுடன் உட்கார்ந்து பேசத் தாதியருக்கு வழி பிறந்தது. புதிய பாரமும் அங்கேதான் தொடங்கியது. கதவைப் பூட்டியதும் காவலரின் வேலை முடிந்துவிடும். தற்கொலை எண்ணத்தைக் காதுகொடுத்துக் கேட்டவருக்கோ, வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் குரல் ஓய்வதில்லை.

வெளியிலும் நிம்மதி இல்லை. உட்பிரிட்ஜ் என்றாலே கேலிதான். அக்கம்பக்கத்தார் கூச்சப்பட்டதால் ஜாலான் உட்பிரிட்ஜ் என்ற தெருப்பெயரே ஜெரால்டு டிரைவ் என மாறியது. தெருவுக்குப் பெயரை மாற்றலாம். "அங்கேயா வேலை?" என்று கேட்கும் உறவினருக்குத் தாதி என்ன செய்வார்?

1993இல் மருத்துவமனை புவாங்கோக்கிற்கு இடம்பெயர்ந்து மனநலக் கழகமானது. 2003 மே மாதம் அங்கு நோயாளிகளும் ஊழியர்களும் காய்ச்சலில் விழ, சார்ஸ் என்ற பீதி கிளம்பியது. சார்ஸ் அல்ல என்று பின்னர் தெரிந்தது. ஆனால் முகக்கவசம் ஏன் என்றே புரியாத நோயாளிகளை அந்த நாள்களில் பார்த்துக்கொண்டவர்கள் தாதியரே.

வார்டில் அடிபட்ட தாதியிடம் அன்றே உட்கார்ந்து பேச ஒருவர், தடுமாறும்போது யோசனை கேட்க மூத்த தாதி, இரவு வேலைக்குப் போதிய ஆள். இவை மருத்துவமனை கொடுக்க வேண்டியவை. தாதி வீட்டிலிருந்து கொண்டுவர முடியாது.