கோடு யார் பக்கம்?

ஞாயிற்றுக்கிழமை காலை. கிளப் கோர்ட்டில் லீக் டென்னிஸ் மேட்ச். அம்பயர் கிடையாது. பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுகிறது. ‘அவுட்!’ என்கிறார் ஒருவர். ‘நல்லாப் பாருங்க சார், லைன்ல பட்டுச்சு!’ என்று வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல். பத்து நிமிட வாக்குவாதம். கடைசியில் ஒரு சமரசம்... ‘சரி, சந்தேகம்தானே? அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆடிடலாம்!’

நியாயமாகத்தானே தெரிகிறது? ஆனால், தப்பு!

அம்பயர் இல்லாத ஆட்டத்தில், அவரவர் பக்கம் விழும் பந்துக்கு அவரவரே நீதிபதி. பந்து கோட்டைக் கொஞ்சம் உரசினாலும் உள்ளேதான். வெளியே விழுந்ததைத் தெளிவாகப் பார்த்திருந்தால் மட்டுமே ‘அவுட்’ சொல்லலாம். சந்தேகமா? பலன் எதிராளிக்கு!

இன்னொன்று... ‘எப்படியும் வெளியேதானே போகுது’ என்று சர்வீஸ் பந்தைத் தரையில் படுமுன் கையால் பிடித்துவிடுவார்கள் சிலர். விதிப்படி, பாயின்ட் சர்வீஸ் போட்டவருக்கு!

1877-ல் முதல் விம்பிள்டன் போட்டிக்கு வகுத்த கோர்ட்டின் நீளம் 78 அடி, அகலம் 27 அடி. ஒற்றையர் ஆட்டத்துக்கு இன்றும் அதே அளவுதான். கோடு மாறவில்லை. ஆனால், அந்தக் கோட்டுக்குள் யாரை விடுவது என்பதில்தான் பெரிய சண்டை!

தென்னாப்பிரிக்காவில் எல்லாவற்றுக்கும் நிறம் பார்த்தார்கள். 1927-ல் இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாக அங்கே போனவர் நம்ம தஞ்சைச் சீமைக்காரர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், வலங்கைமானில் 1869-ல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி! அவருடைய ஆங்கிலப் பேச்சில் வெள்ளைக்காரர்களே சொக்கிப் போனார்கள். டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்காக அவர் முயற்சியால் ஒரு பள்ளி எழுந்தது. ஆனால், நிறவெறி மட்டும் கரையவில்லை. 1948-க்குப் பிறகு அதுவே அரசின் கொள்கை ஆனது. டென்னிஸும் தப்பவில்லை. 1970-ல் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷுக்கு விசா தர மறுத்தார்கள்.

அடுத்து, 1974. டேவிஸ் கோப்பை அரையிறுதியில் சோவியத் யூனியனை வென்று இறுதிக்கு வந்தது இந்தியா. சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஜொலித்துக்கொண்டிருந்த நேரம். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில்! எதிராளி யார்? தென்னாப்பிரிக்கா.

‘ஆட மாட்டோம்’ என்றது இந்தியா. விதிப்படி, ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. டேவிஸ் கோப்பை வரலாற்றில் இறுதிப் போட்டி ஆடப்படாமலே முடிந்தது அந்த ஒரு முறைதான்!

1966-லும் 1987-லும் இறுதிவரை போய்த் தோற்றோம். அந்தக் கோப்பை இன்றுவரை நம் கைக்கு வரவே இல்லை. நிறத்தைக் காட்டி மனிதர்களைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துபவர்களோடு ஆடுவதில்லை என்பதற்கு இந்தியா கொடுத்த விலை அது.

ஒரு நாடு கோப்பையையே விட்டுக்கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், சரியாகப் பார்க்காத ஒரே ஒரு பாயின்ட்டை விட்டுக்கொடுக்க நமக்கு ஏன் சார் இவ்வளவு கஷ்டம்?