மின்னோடி இயக்கும் பிளக் வால்வு

மின்னோடி இயக்கும் பிளக் வால்வு என்பது குழாயில் நீர்மமோ வளிமமோ பாய்வதை மின்சாரத்தின் துணையுடன் திறக்கவும் நிறுத்தவும் பயன்படும் கருவி ஆகும். வால்வு, ஆக்சுவேட்டர் எனப்படும் மின் இயக்கி ஆகிய இரண்டையும் இணைத்து இது உருவாக்கப்படுகிறது. வால்வின் உண்மையான நிலையும் இயக்கி காட்டும் நிலையும் ஒன்றாக இருக்குமாறு பொருத்துவதே இவ்விணைப்பின் முதன்மைத் தேவை ஆகும்.

அமைப்பு

வால்வின் உள்ளே உருளை அல்லது கூம்பு வடிவப் பிளக் ஒன்று உள்ளது. அதன் குறுக்கே உள்ள துளை குழாயின் திசையில் இருக்கும்போது பாய்வு நிகழும்; பிளக்கை 90° திருப்பினால் பாய்வு நிற்கும். இயக்கியில் மின்னோடி, வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கும் பற்சக்கரங்கள், இரு முனைகளிலும் மின்னோடியை நிறுத்தும் லிமிட் சுவிட்சுகள் ஆகியன உள்ளன. மின்சாரம் இல்லாத வேளையில் இயக்குவதற்குப் பெரும்பாலும் கைச்சக்கரமும் இருக்கும்.

இயக்கியைத் தெரிவு செய்தல்

நெடுநாள் அசையாதிருந்த பிளக்கை முதலில் அசைக்கவே பொதுவாக மிகுதியான முறுக்குவிசை தேவைப்படுகிறது. ஆகவே கணக்கிட்ட அளவுடன் பாதுகாப்புக்காகக் கூடுதல் அளவு சேர்க்கப்படும். எடுத்துக்காட்டாக, 160 நியூட்டன் மீட்டர் தேவைப்படும் வால்வுக்கு 25 விழுக்காடு சேர்த்தால் 200 நியூட்டன் மீட்டர் ஆகும். ஐஎஸ்ஓ 5211 தரத்தின் எஃப்07 வகை இணைப்பு 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும். இதில் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 4 எம்8 மரையாணிகள் பொருத்தப்படுகின்றன.

பொருத்தும் முறை

1. மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டிட்டு, குழாயின் அழுத்தத்தை நீக்க வேண்டும். வால்வு மூடியின் மரையாணிகள் உள்ளழுத்தத்தைத் தாங்குபவை. இயக்கியின் பிடிசட்டத்தைப் பொருத்துவதற்காக அவற்றைக் கழற்றுதல் கூடாது.
2. தண்டின் உச்சியில் உள்ள கோடு பொதுவாகத் துளையின் திசையைக் குறிக்கும். அக்கோடு குழாய்க்குக் குறுக்காக அமையுமாறு வால்வை மூட வேண்டும். இயக்கியையும் கைச்சக்கரத்தால் மூடிய நிலைக்குக் கொணர வேண்டும்.
3. இரு தண்டுகளையும் ஒரே அச்சில் இணைத்து, மரையாணிகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அச்சு விலகினால் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தேய்ந்து கசிவு உண்டாகும்.
4. கைச்சக்கரத்தால் இரு முனைகளுக்கும் திருப்பி, லிமிட் சுவிட்சுகளைச் சரிசெய்ய வேண்டும்.

முதல் இயக்கம்

மும்முனை மின்னோடியில் இரு கம்பிகள் இடம் மாறினால் சுழற்சி எதிர்த்திசையில் நிகழும். அப்போது "திற" என்னும் கட்டளை வால்வை மூடும். மூடும் முனையில் உள்ள சுவிட்சு திறக்கும் மின்சுற்றைத் துண்டிக்காது என்பதால் மின்னோடி நிற்காமல் தண்டையோ பற்சக்கரத்தையோ உடைக்கக்கூடும். எனவே முதலில் வால்வைக் கைச்சக்கரத்தால் 45° நிலையில் வைத்து, நொடிப்பொழுது மட்டும் மின்சாரம் செலுத்தித் திசையை அறிய வேண்டும். சில நவீன இயக்கிகள் இப்பிழையைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

நிலைகாட்டியின் இன்றியமையாமை

1979 மார்ச் 28 அன்று ஐக்கிய அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நிகழ்ந்த விபத்தில், அழுத்தத் தணிப்பு வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறை விளக்கு மூடுவதற்கான கட்டளை சென்றதையே காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. பணியாளர்கள் அது மூடிவிட்டதாகக் கருதினர். அது பிளக் வால்வு அன்று. எனினும் அதன் படிப்பினை இங்கும் பொருந்தும். பொருத்தி முடித்தபின், விளக்கை மட்டும் நம்பாமல் தண்டின் கோட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.